சமம் வந்தால் விளக்கை அணை

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பேருந்தில் உட்கார்ந்து வந்த முதுகுதான் இன்னும் என் பேச்சைக் கேட்க மறுக்கிறது. நீங்களும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்?

பயிற்சி முகாம் என்றதும் நீங்கள் என்ன கற்பனை செய்தீர்களோ தெரியாது. இது ஒரு பழைய கிடங்கு. நான்கு ஸ்னூக்கர் மேசை, மேசைக்கு மேலே நீள நீளமாக விளக்கு, சுவரோரம் நாற்காலிகள். மாடியில் தங்கும் அறை. மூன்று பேருக்கு ஒரு ஜன்னல். கூட இருக்கும் இரண்டு பெண்களும் என்னை 'ஆன்ட்டி' என்கிறார்கள். முதல் நாள் முறைத்தேன். இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

போன் வேண்டாம், கடிதம் எழுதுவோம் என்று நீங்கள் சொன்னது சரிதான். நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே அண்ணி நாத்தனார் சண்டை ஆரம்பித்துவிடுகிறது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. இனி போன் அடித்தால் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். ஆகவே அடிக்காதீர்கள்.

கிளம்பிய அவசரத்தில் ஒன்றைச் சரியாகச் சொல்லாமல் வந்துவிட்டேன். அண்ணன் இறந்துபோனபிறகு எங்கள் வீட்டில் இருந்தாகவேண்டும் என்று உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அப்பா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு படுத்ததும், பெற்ற பெண் நான் கோலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மருமகள் நீங்கள் அவரைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது என் மண்டைக்கு எட்டாமல் இல்லை. செப்டம்பர் கடைசியில் விளையாட்டு விழா. நீச்சல், ஓட்டம், மல்யுத்தம் என்று பல நாட்டுக்காரர்கள் கூடுகிற இடத்தில், ஒரு மூலையில் எங்கள் பச்சை மேசைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முப்பத்தொன்பது. இதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. அது முடிந்ததும் வந்துவிடுவேன். அப்பா என் பொறுப்பு. நீங்கள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் திறக்கப்போகும் கிளைக்குப் போய்ப் பட்டறையை எடுத்து நடத்துங்கள். இது நான் கொடுக்கும் வாக்கு.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

சின்னவள்


ஜூன் 28

சின்னவளே,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நலமில்லை என்று எழுதினால் மேலே படிக்கமாட்டாய். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள். மாமாவுக்கு எலும்பு கூடிவருகிறதாம், டாக்டர் சொல்கிறார். எழுந்து நிற்கும் எண்ணம்தான் அவருக்கு இல்லை.

காலையில் அவரைத் துடைத்து, உடை மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன். மதியம்வரை லென்ஸ் தேய்க்கிறேன். புருவமெல்லாம் வெள்ளைப் பொடி. அப்படியே வீட்டுக்கு வந்தால் மாமா என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். ஒரே வேளையில் அவருக்குச் சமமாகக் கிழவியாகிவிட்டேனே என்று நினைக்கிறார் போலிருக்கிறது. சாயங்காலம் கீழே நம் ஸ்னூக்கர் ஹாலைத் திறக்கிறேன். இருப்பது ஒரு மேசை, அதற்கு வாசல்வரை வரிசை.

நேற்று எதிர்வீட்டு ஓட்டுநரும் தபால்காரரும் ஆடி, கடைசிப் பந்தில் சமத்தில் வந்து நின்றார்கள். உலகம் முழுக்கச் சமம் வந்தால் கறுப்புப் பந்தை எடுத்து மறுபடி அதன் இடத்தில் வைப்பார்கள், அதைக் குழியில் போடுகிறவருக்கு ஆட்டம். நம் வீட்டில்தான் அது கிடையாதே. அதுவரை யார் முன்னால் இருந்தாரோ அவருக்கு ஆட்டம். மற்றவர் கை கொடுத்துவிட்டு நடையைக் கட்டவேண்டும், வெளியே ஆள் காத்திருக்கிறது. ஓட்டுநர் முணுமுணுத்தார். மாடியில் படுக்கையிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"விளக்க அணை."

அன்று முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான். ஓட்டுநர் வாயை மூடிக்கொண்டு கை கொடுத்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் அக்டோபர் முடியும்வரை அந்த இடத்தை எனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் கேட்காதே என்றும் சொன்னார். உன் வாக்கை நம்பித் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மாமா கேட்கிறார், சின்னவள் எப்போது வருவாள் என்று. அக்டோபரில் என்று சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஜூலை 30

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. சோம்பல் இல்லை, அலுப்பு. உங்கள் கை கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா சாப்பிடுகிறாரா?

இந்த விளையாட்டில் பாதி நேரம் நாற்காலியில்தான் போகிறது. எதிராளி ஆடிக்கொண்டிருக்கும்போது நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்கலாம், கோலைத் துடைக்கலாம், முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கலாம். பக்கத்து மைதானத்தில் ஓடுகிற பெண்கள் ஓடிக் களைக்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்தே களைக்கிறோம். சாயங்காலம் அறைக்கு ஏறிப்போனால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லை.

பயிற்சியாளர் என்னிடம் சொல்கிற குறை ஒன்றே ஒன்று. நான் தோல்வியை ஒப்புக்கொண்டு சீக்கிரம் கை கொடுத்துவிடுகிறேனாம். நேற்றுப் பயிற்சி ஆட்டத்தில் இனி தேறாது என்று தோன்றியதும் வழக்கம்போல் கையை நீட்டினேன். தட்டிவிட்டார்.

"உனக்கு என்ன, பஸ்ஸா போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். விளக்குக்கு மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஹாலில் வளர்ந்தவள் நான், தோற்ற ஆட்டத்தை இழுத்தால் எங்கள் அப்பாவுக்குப் பிடிக்காது என்றேன். அந்த ஹாலை ஊரிலேயே வைத்துவிட்டு வா என்றார். சொல்வது சுலபம். பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்தச் சட்டத்தில்தான் ஆடியிருக்கிறேன்.

ஒன்று சொன்னால் கோபிக்கமாட்டீர்களே. இங்கே ராத்திரியில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. படுத்தால் காலைவரை தூங்குகிறேன். அப்படித் தூங்கி எவ்வளவு நாளாயிற்று என்பது இங்கே வந்துதான் தெரிந்தது.

அப்பாவின் நெற்றியில் ஒருதரம் கை வையுங்கள், என் கணக்கில்.

சின்னவள்


ஆகஸ்ட் 14

சின்னவளே,

கோபமில்லை. நீயாவது தூங்கு. ஒரு வீட்டில் ஒருத்தியாவது தூங்கவேண்டும்.

மாமாவின் முதுகில் படுக்கைப் புண் வரப்பார்த்தது, சமாளித்துவிட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டச் சொல்கிறார் டாக்டர். அவரைப் புரட்டிப் புரட்டி என் முதுகு போய்க்கொண்டிருக்கிறது. கடையில் ஒரு லென்ஸ் விரலைப் பதம் பார்த்துவிட்டது. சின்னக் காயம்தான், அதைப் போய் எழுதுகிறேன் பார்.

போன வாரம் எதிர்வீட்டு ஓட்டுநரின் மனைவியை மாமாவுக்குக் காவல் வைத்துவிட்டு, கடைக்காரரோடு அந்தக் கிளையைப் பார்க்கப் போனேன். கீழே கடை. பின்னால் பட்டறை, புது இயந்திரத்தின் மேல் போட்ட காகிதம்கூடப் பிரிக்கவில்லை. மாடியில் பொறுப்பாளருக்கு ஓர் அறை. கட்டில், அலமாரி, தெருவைப் பார்த்த ஜன்னல். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். கடைக்காரர் கீழே யாருடனோ பேசிக்கொண்டிருந்தபோது நான் தாழ்ப்பாளைப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. அழுகை வந்தது. எதற்கு வந்தது என்று என்னைக் கேட்காதே.

உன் அண்ணன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். உங்கள் வீட்டில் யார்தான் எதைச் சொல்லியிருக்கிறீர்கள்?

எனக்கு அந்த இடம் வேண்டும். நான் இப்படி எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை, உனக்கே தெரியும்.

மாமா கேட்கிறார், சின்னவள் எப்போது வருவாள் என்று.

நன்றாக ஆடு. உன் முதுகையும் பார்த்துக்கொள்.

அண்ணி


செப்டம்பர் 21

அன்புள்ள அண்ணிக்கு,

விமானம் ஏறி இறங்கி, விளையாட்டு வீரர்களுக்கான குடியிருப்புக்கு வந்துவிட்டேன். காது அடைத்துக்கொண்டது தவிர வேறு தொந்தரவில்லை. உங்கள் விரல் ஆறிவிட்டதா? அப்பாவின் முதுகு?

இங்கே எல்லாம் புதுச் சுண்ணாம்பு வாசனை. வரிசை வரிசையாகக் கட்டடங்கள், எங்களுடையது கடைசி. சாப்பாட்டுக்கூடத்தில் தட்டோடு நின்றால் முன்னால் பளு தூக்குகிறவர், பின்னால் உயரம் தாண்டுகிறவள். நான் இருவருக்கும் நடுவில் தலைவலி மாத்திரை வாங்க வந்தவள் மாதிரி நிற்கிறேன். ஒரு நீச்சல்காரப் பெண் என் கோல்பெட்டியைக் காட்டி என்ன வாத்தியம் என்று சைகையில் கேட்டாள். புல்லாங்குழல் மாதிரி ஊதிக் காட்டினேன். நம்பிவிட்டாள்.

எங்கள் அரங்கம் ஊர்க்கோடியில். கூட்டம் அதிகமில்லை. கைதட்டுவதற்குக்கூட நேரம் காலம் பார்க்கவேண்டிய விளையாட்டு, யார் வருவார்கள்? மேசை நன்றாக இருக்கிறது. துணி புதுசு, பந்து நம் வீட்டு மேசையில் ஓடுவதைவிட ஒரு முழம் அதிகம் ஓடுகிறது. எனக்கு ஆறு சிவப்புப் பந்து வைத்து ஆடும் பிரிவு. ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயித்தால் அடுத்த சுற்று. தோற்றால் அன்றே மூட்டை கட்டலாம். என் முதல் சுற்று இருபத்தாறாம் தேதி மதியம். டி.வி.யில் காட்டுகிறார்களாம், முடிந்தால் பாருங்கள்.

பயமாக இல்லை. அலுப்பாக இருக்கிறது. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

சின்னவள்


செப்டம்பர் 30

சின்னவளே,

நாங்கள் நலம். விரல் ஆறிவிட்டது. மாமா இரண்டு நாளாக நன்றாகச் சாப்பிடுகிறார்.

இருபத்தாறாம் தேதி மதியம் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். மின்சாரம் போய்விட்டது. ஆகவே எதுவும் பார்க்கவில்லை. எப்படி ஆடினாய், என்ன ஆயிற்று என்று நீயே எழுது. உன் வாயால் தெரிந்துகொண்டால் போதும்.

கடைக்காரர் அக்டோபர் இருபதாம் தேதிக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். நீ வரும் தேதி தெரிந்தால் சொல்லிவிடலாம்.

மாமா கேட்கிறார், சின்னவள் எப்போது வருவாள் என்று.

இந்தக் கடிதத்தை உங்கள் விளையாட்டுச் சங்க அலுவலகத்தில் கொடுக்கிறேன். அடுத்து நீ இருக்கும் இடத்துக்கு வருகிற யாரோ கொண்டுவந்து தருவார்களாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


அக்டோபர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். அப்பா சாப்பிடுகிறார் என்று படித்ததில் சந்தோஷம்.

இங்கே எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுகிற பெண்களில் இளையவள் காலிறுதிவரை போனாள். கடைசி ஆட்டத்தில் அவள் அடித்த பச்சைப் பந்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும், குழியின் உதட்டில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போயிற்று. தோற்றுவிட்டாள், ஆனாலும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் மேலாளருக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மூன்று நாள் படுக்கை. மாலையில் ஓட்டப்பந்தயம் பார்க்கப் போனேன். பல நேரம் அறையில் படுத்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே கொடிக்கம்பங்கள், காற்றடித்தால் கயிறு கம்பத்தில் மோதிக்கொண்டே இருக்கிறது.

முன்கூட்டியே ஊர் திரும்ப நினைக்கிறவர்களுக்கு விமானத்தில் இடம் இருப்பதாக மேலாளர் சொன்னார். நான் எல்லோருடனும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு முகாமில் ஏதோ கூட்டமாம். வீட்டுக்கு வர நவம்பர் ஆகலாம். கடைக்காரரிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்.

உங்கள் முதுகுக்கு இங்கே ஒரு தைலம் வாங்கியிருக்கிறேன்.

சின்னவள்


அக்டோபர் 20

சின்னவளே,

கடிதம் வந்தது. எல்லோரும் நலம்.

கடைக்காரரிடம் நவம்பர் கடைசிவரை தவணை கேட்டேன். கொடுத்தார். அவர் மனைவி கொடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காலிறுதிவரை போன பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷம்.

மாமா கேட்கிறார்.

அண்ணி


நவம்பர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

முகாமுக்குத் திரும்பியாயிற்று. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கடைசிக் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். அதில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் படித்தேன்.

முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டேன். இதை எழுதாமல் ஒப்பேற்றிவிடலாம் என்று பார்த்தேன்.

ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஜெயித்து, ஐந்தாவது ஆட்டம். மேசையில் மிச்சம் இளஞ்சிவப்பும் கறுப்பும். ஆறும் ஏழும் பதின்மூன்று. நான் சரியாகப் பதின்மூன்று பின்னால். என் முறை. இளஞ்சிவப்பு குழி வாயிலேயே உட்கார்ந்திருந்தது, கறுப்பும் பெரிய கஷ்டமில்லை. இரண்டையும் போட்டால் சமம். கறுப்பை மறுபடி எடுத்து வைப்பார்கள், யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். இது எனக்குத் தெரியும். பயிற்சியாளருக்குத் தெரியும். வந்திருந்த கொஞ்சநஞ்சப் பேருக்கும் தெரியும். என் கைக்கு மட்டும் தெரியவில்லை. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்று கணக்கு வந்ததும் நம் ஹாலில் நீட்டுகிற மாதிரி நீட்டிவிட்டது.

எதிராளிப் பெண் என் கையைப் பார்த்தாள். பிறகு நடுவரைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் மறுக்கலாம், விதியில் இடம் இருக்கிறது. நான் கையை இழுத்துக்கொள்வேன் என்று கொஞ்சம் காத்திருந்தாள் பாவம். நான் இழுக்கவில்லை. பழக்கதோஷம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், உங்களிடம் பொய் எதற்கு? இது நம் ஹால் இல்லை, கறுப்பை மறுபடி வைப்பார்கள் என்று அவள் காத்திருந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்துவிட்டது. முடிந்தால் போதும் என்றிருந்தது, அண்ணி. அவ்வளவு களைப்பு. அவள் கையைக் குலுக்கினாள், நான் கோலைப் பெட்டியில் வைத்தேன்.

அன்றே திரும்பியிருக்கலாம். எந்த முகத்தோடு வந்து அப்பா முன்னால் நிற்பது? அது ஒன்று. வீட்டுக்கு வந்தால் மறுபடி ராத்திரி எழுந்திருக்கவேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிசு.

முகாமில் சின்னப் பெண்களோடு ஆடிப் பழக்கிவிட ஓர் ஆள் வேண்டுமாம். என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வருடம். தங்குமிடம் உண்டு. பயிற்சியாளர் திட்டிக்கொண்டே கேட்டார். ஒரே ஒரு வருடம், அண்ணி. நீங்கள் எப்படியும் சமாளித்துவிடுவீர்கள். நான் சமாளிக்கமாட்டேன் என்பது நம் இருவருக்குமே தெரியும்.

தைலத்தைத் தனியாக அனுப்புகிறேன்.

சின்னவள்


நவம்பர் 12

சின்னவளே,

நாங்கள் நலம். தைலம் வந்தது. நன்றாக எரிகிறது, ஆகவே நல்ல தைலமாகத்தான் இருக்கும்.

அன்று மின்சாரம் போகவில்லை. மாமாவை மூன்று தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து, இரண்டு பேரும் பார்த்தோம். ஓட்டுநரும் அவர் மனைவியும் கதவோரம் நின்று பார்த்தார்கள். நீ நன்றாகத்தான் ஆடினாய். அந்த நீலப் பந்தைப் போட்டாயே, அப்போது மாமாவின் கால் கட்டைவிரல் அசைந்தது. பிறகு நீ கையை நீட்டினாய்.

"விளக்க அணை" என்றார்.

நான் எழுந்துபோய் டி.வி.யை அணைத்துவிட்டேன். அடுத்து என்ன ஆயிற்று, அந்தப் பெண் உன் கையைப் பிடித்தாளா இல்லையா என்றுகூட நான் பார்க்கவில்லை. அவர் சொன்னார், அணைத்தேன். நீ அங்கே கை நீட்டினாய், நான் இங்கே எழுந்து நின்றேன். நம் இரண்டு பேரையும் நன்றாகத்தான் பழக்கியிருக்கிறார் மனிதர். அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது.

உனக்கு ஒரு வருடம் வேண்டும். எனக்கு அந்தக் கிளை வேண்டும். உனக்கும் களைப்பு, எனக்கும் களைப்பு. நியாயத்தை எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் சமமாகத்தான் வருகிறது. இந்த வீட்டுச் சட்டப்படி சமம் வந்தால் முன்னால் போனவளுக்கு ஆட்டம். மற்றவள் கை கொடுக்கவேண்டும். உன் அண்ணன் போன நாளிலிருந்து நான் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒருவர்கூட நடுவரைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை கொடுக்கமாட்டேன்.

கடைக்காரரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி காலையில் கிளம்புகிறேன். ஓட்டுநரின் மனைவி மூன்று நாள் வந்து படுத்துக்கொள்வாள். அதற்குள் வா. நீ வராமல் போனால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். நீ வருவாய்.

மாத்திரை ஜன்னல் மேடையில், காலை மாலை என்று பிரித்து வைத்திருக்கிறேன். புரட்டும்போது தோளைப் பிடிக்காதே, இடுப்புக்குக் கீழே துணியைச் செருகி அதைப் பிடித்து இழு. சாப்பாட்டைத் துப்புவார், கோபப்படாதே. கோபம் வந்தால் கத்திவிடு, அவருக்கு அந்தப் பக்கக் காது கேட்காது. ஹால் சாவி ஓட்டுநரிடம். மேசைத் துணியை வாரம் ஒருதரம் தூரிகையால் நீவிவிடவேண்டும், அதை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

உன்னைப் பிடிக்காமல் போகவில்லை. அதையும் எழுதிவிட்டால்தான் மனசு ஆறும்.

அண்ணி


டிசம்பர் 17

அன்புள்ள அண்ணிக்கு,

அப்பா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவேண்டாம், 'இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று' என்று உங்கள் முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்களே, அதையே இங்கே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அறை எப்படி இருக்கிறது? புது இயந்திரம் ஓடுகிறதா? தாழ்ப்பாள் நன்றாக விழுகிறதா?

முப்பதாம் தேதி வந்துவிட்டேன். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஓட்டுநரின் மனைவி சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சுதா ஆட்டம்?"

முடிந்தது என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அவருக்கு எதிரில் நிற்பதற்கு நான் இவ்வளவு நாள் பயந்தது இதற்குத்தான்.

முகாமுக்கு வரமுடியாது என்று எழுதிப்போட்டேன். பதில் இல்லை. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, மறைக்கவில்லை. துணியைச் செருகி இழுக்கும் வித்தை மூன்றாம் நாள்தான் கைவந்தது. அதுவரை தோளைப் பிடித்து இழுத்து இரண்டு பேரும் அலறினோம். நான்கு நாள் கழித்து ஓட்டுநரின் மனைவி கோபம் தணிந்து எட்டிப்பார்த்தார். இப்போது இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும் முன்பே விழித்துவிடுகிறேன். நீங்கள் இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கமாட்டேன். இங்கே வேறு ஆள் இல்லை, செய்தீர்கள்.

போன வெள்ளிக்கிழமை ஹாலில் ஓட்டுநருக்கும் தபால்காரருக்கும் மறுபடி சமம். மாடியிலிருந்து அப்பா விளக்கை அணைக்கச் சொன்னார். நான் அணைக்கவில்லை. கறுப்புப் பந்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். இரண்டு பேரும் என்னை ஏதோ ஆகிவிட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பிறகு ஆடினார்கள். வெளியே நின்றவர்கள் உள்ளே வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஓட்டுநர் தோற்றுவிட்டார், இத்தனை வருஷம் முணுமுணுத்ததற்கு அவருக்குக் கிடைத்தது அதுதான். அப்பா இன்னும் இரண்டு தடவை கத்தினார், பிறகு தூங்கிவிட்டார்.

நீங்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அப்பா என்னைக் கேட்பதாக எழுதினீர்கள். கடைசிக் கடிதத்தில் மட்டும் அந்த வரி இல்லை. அதைப் பற்றி ஓட்டுநரின் மனைவியிடம் கேட்டேன். அப்பா ஒருநாளும் என்னைக் கேட்டதில்லையாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, வருத்தமாகத்தான் இருந்தது. கேட்டது நீங்கள்தான் என்று விடிந்த பிறகுதான் புரிந்தது.

இப்போது அப்பா உங்களைக் கேட்கிறார். இது நிஜம், அண்ணி, நான் கட்டிவிடவில்லை. காலையில் துடைக்கும்போது ஒருதரம், சாயங்காலம் நான் ஹாலுக்கு இறங்கும்போது ஒருதரம், மருமகள் எப்போது வருவாள் என்று கேட்கிறார். சீக்கிரம் வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வராதீர்கள்.

சின்னவள்